தோணிரேவிலிருந்து பார்த்தால்: விண்மீன் மண்டலங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2015 செப்டம்பர் 28, காலை பத்து மணி. தோணிரேவில் கரையேற்றிக் கிடந்த படகொன்றின் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புகைக்கோடு ஒன்று எழும்பிக் கடல் பக்கமாக வளைந்தது. சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்: "இது புயல் பாக்கறதா சார், டிவிக்குப் போறதா?"

"ரெண்டும் இல்லண்ணே, நட்சத்திரம் பாக்கறது."

"அதுக்கு அவ்ளோ மேல போவணுமா? இங்கேர்ந்தே தெரியுதே."

அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதைத் திருத்திச் சொல்லும் முயற்சியே இது.

அன்று போனது அஸ்ட்ரோசாட். 1513 கிலோ எடை, 650 கிலோமீட்டர் உயரம். புதிதாய்ப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் புறஊதா ஒளியைக் கொட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை நம் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது. மேலே போக வேண்டியிருந்தது அதனால்தான். அதிலிருந்த புறஊதாத் தொலைநோக்கிகள் இரண்டும் 38 சென்டிமீட்டர் அகலமே கொண்டவை. 2016 அக்டோபரில் வானத்தின் ஒரே துண்டை 28 மணிநேரம் உற்றுப் பார்த்ததில் ஒரு மண்டலத்தின் கதிர் சிக்கியது. புனேயின் ஐயுகா நிறுவனத்தைச் சேர்ந்த கனக் சாகாவின் குழு 2020 ஆகஸ்டில் அதை வெளியிட்டது. அந்த ஒளி புறப்பட்டு 930 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சூரியனுக்கு வயது 460 கோடிதான்.

இதிலென்ன பெரிய விஷயம்? பிரபஞ்சம் பிறந்து 3.8 லட்சம் ஆண்டுகள் ஆனபோது எங்கும் ஹைட்ரஜன் வாயு. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. வாயு தன் எடையிலேயே ஆங்காங்கே திரண்டு முதல் மண்டலங்கள் உருவாயின. அவற்றின் புறஊதா ஒளி சுற்றியிருந்த வாயுவின் அணுக்களை உடைத்தது. ஆனால் ஒரு மண்டலம் தன் ஒளியைத் தன்னுடைய வாயுவாலேயே விழுங்கிக்கொள்ளும். எவ்வளவு வெளியே கசியும் என்பதுதான் கேள்வி. அப்படிக் கசிந்த ஒன்றை இந்தக் கருவி கையும் களவுமாகப் பிடித்தது.

வரலாறு எழுதுவதில் வரும் வழக்கமான கோளாறு இங்கும் உண்டு. பால்வீதிக்கு வெளியே வேறு மண்டலங்கள் இருப்பதை 1920களில் நிறுவிய எட்வின் ஹபிள், அவற்றை உருவத்தை வைத்து வகைப்படுத்தி, நீள்வட்ட வகைகளை 'முந்தையவை' என்றும் சுருள் வகைகளை 'பிந்தையவை' என்றும் அழைத்தார். காலத்தைக் குறிக்கவில்லை என்று அவர் சொல்லியும் பலர் அதைப் பரிணாம ஏணியாகவே வாசித்தார்கள். உண்மையில் இரண்டு சுருள் மண்டலங்கள் மோதிக் கலந்து நீள்வட்டமாவது உண்டு. ஏணி தலைகீழ்!

அந்தக் கலப்புக்கான கணக்கைத் தந்தவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். 1943இல் அவர் எழுதியது 'இயக்க உராய்வு'. நட்சத்திரக் கூட்டத்தின் ஊடே ஒரு பெரும் பொருள் போனால், அதன் ஈர்ப்பால் நட்சத்திரங்கள் அதன் பின்னால் நெருங்கிச் சேரும். அந்த நெருக்கமே அதைப் பின்னோக்கி இழுத்து வேகத்தைக் குறைக்கும். தோணியைத் தண்ணீர் தடுப்பதுபோல என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் இங்கே எதுவும் எதையும் தொடுவதில்லை. இப்படித்தான் சின்ன மண்டலம் பெரியதன் நடுவே சரிந்து கரைகிறது. சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதி இப்படி ஒன்றைச் சேர்த்துக்கொண்டதை கையா விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து 2018இல் கண்டுபிடித்தார்கள். அதன் நட்சத்திரங்கள் இன்றும் ஊரோடு ஒத்துப்போகாத பாதைகளில் ஓடுகின்றன.

வானியலார் இதற்கு வைத்த பெயர் 'தன்னினம் தின்னல்'. சொற்கள் மண்ணிலிருந்துதான் மேலே போகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவை ஏவுதளத்துக்காக 1969இல் தேர்ந்தெடுத்தபோது அந்தத் தீவில் யானாதி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், இடம்பெயர்க்கப்பட்டார்கள். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு பழவேற்காட்டு ஊர்களுக்குப் பழகிப்போயிற்று. விண்வெளி வரலாறு எழுதுகிறவர்கள் இவற்றை அடிக்குறிப்பிலும் போடுவதில்லை. உவமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். ஈர்ப்புவிசைக்கு நோக்கம் கிடையாது, நிலம் எடுப்பவர்களுக்கு உண்டு.

முதலில் குழப்பம், பிறகு ஒழுங்கு என்ற கதையாடலும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2025இல் புனேயின் ராஷி ஜெயினும் யோகேஷ் வாடடேகரும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் அலக்நந்தா என்று அவர்கள் பெயரிட்ட மண்டலத்தைக் கண்டார்கள். பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதே ஆனபோது, இரண்டு சுருள் கைகளோடு திருத்தமாக நிற்கிறது அது. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்பதற்கு முடிந்த விடை இல்லை.

பிறகொரு முறை தோணிரேவு போனபோது அதே மனிதரிடம் 930 கோடி ஆண்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். "சரி சார், அது இன்னும் அங்க இருக்குமா?"

"அந்த உருவத்துல இருக்காதுண்ணே. வாயு தீர்ந்திருக்கலாம், வேற ஒண்ணோட கலந்திருக்கலாம். இன்னிக்கு அங்கேர்ந்து கெளம்பற ஒளி இங்க வந்தாத்தான் தெரியும்."