பாரிஸில் பனி கொட்டினால் நமக்கென்ன?



டிசம்பர் பிறந்தாலே நம் ரெட்டியார்பாளையத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "பாரிஸ் பிள்ளைங்க எப்ப வர்றாங்க?" அங்கே பனி கொட்டினால் இங்கே மனம் பதறுகிறது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடைமுறைக்கு வந்தது. விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் சொல்தா குடும்பங்கள் பல. அன்று போட்ட கையெழுத்துதான் இன்று நம் விடுமுறையைப் பாரிஸ் வானிலையோடு முடிச்சுப் போட்டிருக்கிறது.

2010 டிசம்பரை மறக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பலர் நத்தார் இரவை அங்கேயே கழித்தார்கள்.

ஓடுபாதைப் பனியை எந்திரம் தள்ளிவிடும். இறக்கையில் படிந்த பனி அப்படியல்ல. மெல்லியதாகப் படிந்தாலும் காற்றோட்டம் கெட்டு, விமானத்தைத் தூக்கும் விசை குறைந்துவிடும். அதைக் கரைக்க கிளைக்கால் கலந்த திரவம் தெளிக்க வேண்டும். அந்தத் திரவம்தான் தட்டுப்பட்டது. தயாரிக்கும் ஆலையில் வேலைநிறுத்தம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள்.

அதே நாளில் 2ஈ முனையத்தின் கூரையில் பனி கனத்தது. புதுப் பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். ஈரம் ஏறினால் பல மடங்கு. சுமார் 2,000 பேரை உடனே வெளியேற்றினார்கள். ஏன் அத்தனை அவசரம்? 2004 மே 23-ல் அதே முனையத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்திருந்தார்கள். அன்று பனிக் காலமுமல்ல. அந்தப் பாடம் மறக்கவில்லை.

கூரை விஷயத்தில் பழைய பாடம் உயிரைக் காத்தது. திரவ விஷயத்தில், ஆண்டுதோறும் வரும் குளிருக்கே கையிருப்பு போதவில்லை. நாம் சிரிக்க வேண்டாம். ஓராண்டு கழித்து, 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் நம் புத்தாண்டையே புரட்டிப் போட்டது.

எனவே பாரிஸ் பிள்ளைகளே, பனி என்று விமானத்தை நிறுத்தினால் கோபப்படாதீர்கள். பொங்கலுக்குள் வந்தால் போதும், பத்திரமாக வாருங்கள். பெரியவர்களே, அதுவரை நாலு நாள் அதிகமாகக் காத்திருப்போம்.