ஓ-வுக்குப் பக்கத்தில் பி

ஆங்கிலக் கீபோர்டின் மேல்வரிசையில் வலதுபக்கம் ஓ, பி என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி இருக்கின்றன. ஓ மோதிர விரலுக்கு, பி சுண்டு விரலுக்கு. 1874-இல் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த டைப்ரைட்டரிலேயே இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த இரண்டையும் மாற்றித் தட்டியவர்கள் எத்தனையோ பேர். அலுவலகத்தில் அது திருத்தப்பட்டது, பள்ளியில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டது. கம்ப்யூட்டர் கேம் ஆடியவர்கள் கையில் மட்டும் அது ஒரு புதுச்சொல்லாகப் பிறந்து, இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

தாய்ச்சொல் 'ஓன்'. ஓ, டபிள்யூ, என் என்று மூன்றே எழுத்து. உடைமையாக வைத்திருப்பது என்பது அகராதிப் பொருள். ஹேக்கர்கள் அதை வேறு விதமாகப் புழங்கினார்கள். அடுத்தவருடைய கம்ப்யூட்டருக்குள் புகுந்து முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிட்டால், அந்த மெஷினை ஓன் செய்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு கேம் ஆடுகிறவர்களிடம் தொற்றியது. எதிராளியைத் தலைதூக்க விடாமல் தோற்கடித்தால், அவனை ஓன் பண்ணியாகிவிட்டது. அதைத் தட்டும் அவசரத்தில் விரல் ஓ-வை விட்டு வலதுபக்கம் நகர்ந்துபோனது. பி, டபிள்யூ, என். உயிரெழுத்தே இல்லாத அந்த மூன்றெழுத்தை, ஓன் என்பதன் முன்னால் ஒரு ப் சேர்த்து 'போன்' என்று வாயால் சொல்லவும் பழகிக்கொண்டார்கள்.

வார்கிராஃப்ட் விளையாட்டுக்கு மேப் வரைந்த ஒருவர் செய்த பிழைதான் இதற்கு மூலம் என்று ஒரு கதை வெகுநாளாகச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் ஜெயித்ததும் திரையில் வரவேண்டிய வாசகத்தில் அவர் ஓ-வுக்குப் பதில் பி தட்டிவிட்டாராம். யார், எந்த மேப் என்பதற்கு ஒருவரும் ஆதாரம் காட்டியதில்லை. இந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு தகப்பன் தேவையும் இல்லை என்பது என் எண்ணம். ஒரே கீபோர்டில், ஒரே அவசரத்தில், ஒரே சொல்லை ஆயிரம் பேர் தட்டும்போது அதே பிழை ஆயிரம் இடத்தில் தனித்தனியாகப் பிறந்திருக்கும். எது எப்படியோ, அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

1996-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் இன்டர்நெட் வழியே ஒரே களத்தில் ஓடிச் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். அதில் அசையாமல் நிற்பவன் செத்தான். இடதுகை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில், வலதுகை மவுஸில். இந்தக் கைவைப்பைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், 'த்ரெஷ்' என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங். 1997-இல் குவேக் போட்டியில் வென்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாக ஓட்டிக்கொண்டு போனவர். இரண்டு கைக்கும் இப்படி முழுநேர வேலை இருக்கும்போது ஒரு வரி பேச வேண்டும் என்றால் என்ன செய்வது? மவுஸை விட வேண்டும். சாட் திறக்கும் விசையைத் தட்ட வேண்டும். அதன்பிறகு தட்டும் ஒவ்வோர் எழுத்தும் பேச்சுக்குப் போகும், காலுக்குப் போகாது. வரியை முடித்து என்டர் தட்டும்வரை உங்கள் ஆள் களத்தின் நடுவில் மரமாய் நிற்பான்.

அந்த இரண்டு மூன்று விநாடிக்காகவே காத்திருந்து சுடுகிறவர்கள் இருந்தார்கள். அது கௌரவக் குறைவு என்று நினைத்துத் துப்பாக்கியைத் தாழ்த்தியவர்களும் இருந்தார்கள். 1999-இல் வந்த குவேக் 3 அரீனாவில் தட்டிக்கொண்டிருப்பவர் தலைக்கு மேல் ஒரு பேச்சுக் குமிழி தோன்றும்படி செய்திருந்தார்கள். இவன் இப்போது ஆடவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறான் என்று மற்றவருக்குச் சொல்லும் குறி அது.

இந்த நிலையில் பிழை திருத்துவது என்பதன் விலையை யோசித்துப் பாருங்கள். பேக்ஸ்பேஸ் விசை எட்டாத மூலையில் இருக்கிறது. அதைத் தேடி, தட்டி, சரியான எழுத்தைப் போடுவதற்குள் பின்னாலிருந்து ராக்கெட் வந்துவிடும். அனுப்பிய வரியைத் திருத்தவும் வழியில்லை. ஆகவே பிழையோடு அனுப்பினார்கள். படித்தவர்களுக்கும் அது புரிந்தது, ஏனென்றால் அவர்களும் அதே களத்தில், அதே நொடியில், அதையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கண்முன் நடப்பது எழுத்தில் விடுபட்டதை நிரப்பிக்கொடுத்தது. கேம் பேச்சில் எழுத்துப்பிழை பொருட்டா என்ற கேள்விக்கு என் பதிலின் பெரும்பகுதி இதுதான்: எதிரே இருப்பவர் உங்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தால், பொருட்டே அல்ல.

இந்தக் காலத்துப் பிழைகள் ஒவ்வொன்றிலும் கை வேலை செய்த விதம் தெரிகிறது. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'த' என்ற சுட்டுச்சொல்லில் டி, எச், ஈ என்ற வரிசை டி, ஈ, எச் ஆகிவிடும். டி-யும் ஈ-யும் இடதுகைக்கு, எச் வலதுகைக்கு. இடதுகை முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆச்சரியக்குறிகளை வரிசையாகத் தட்டும்போது ஷிஃப்ட் விசையிலிருந்து விரல் நழுவினால், கடைசியில் நான்கைந்து 1 எண்கள் வந்து நிற்கும். பிறகு வேண்டுமென்றே 1 போட ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒருபடி மேலே போய், எண்ணுக்குப் பதில் 'ஒன்' என்ற சொல்லையே எழுத்துக் கூட்டிச் சேர்த்தார்கள். தவறிப்போய் நடந்தது விளையாட்டாகி, விளையாட்டு அடையாளமானது இப்படித்தான்.

அந்த அடையாளத்துக்கு ஏற்கனவே ஒரு மரபு இருந்தது. 1980-களில் டெலிபோன் மோடம் வழியே இணையும் புல்லட்டின் போர்டுகளில், உள்வட்டத்து ஆட்களை 'எலீட்' என்பார்கள். அவர்கள் ஈ-க்கு 3, ஓ-வுக்கு 0, எல்-லுக்கு 1 என்று எழுத்துக்கு எண் மாற்றி எழுதினார்கள். புதிதாக வந்தவருக்குப் படிக்கவே வராது. அந்த வழக்கமும் களத்தில் பிறந்த பிழைகளும் 1990-களின் இறுதியில் ஒன்றாகக் கலந்தன. வெற்றிக் களிப்பில் போடும் 'வூட்' என்ற கூவல், நடுவில் இரண்டு பூஜ்யத்தோடு எழுதப்பட்டது. 2007-இல் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை அந்தப் பூஜ்யங்களோடு அப்படியே ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமே அல்ல. மொபைலில் ஆடிக்கொண்டே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். ழ-வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போட்டுவிட்டுப் போவார். நெடிலைக் குறிலாக்குவார்கள். ஆட்டம் தடைபடுவதில்லை.

தடைபடுவது வேறு சமயத்தில். ஆட்டத்தைப் பற்றி ஒரு வாதம் நடக்கும். ஒருவர் சொல்லும் கருத்துக்கு மறுமொழி சொல்ல முடியாதபோது, இன்னொருவர் அவருடைய ஸ்பெல்லிங்கைப் பிடித்துக்கொள்வார். முதலில் எழுதக் கற்றுக்கொண்டு வா என்பார். எனக்கு இதில் கோபம் வருகிறது. உலகம் முழுக்க ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. எழுத்துக்கூட்டு தடுமாறினாலும் ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்த பிள்ளைகள் ஏராளம். அவர்கள் வாயை அடைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. அதே எழுத்தைக் குலைத்து எழுதுவதைத் தேர்ச்சியின் அடையாளமாகக் கொண்டாடிய கூட்டம், தெரியாமல் குலைத்தவனை ஏளனம் செய்வது அநியாயம்.

எழுத்துப்பிழை எங்குமே பொருட்டல்ல என்று நான் சொல்லவில்லை. ஒரு கதவைத் திறக்கும் வழியையோ ஒரு கட்டளையையோ இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும்போது ஓரெழுத்தும் பிசகக்கூடாது, ஏனென்றால் அதைக் கடைசியில் படிக்கப்போவது மெஷின். 2013-இல் வெளிவந்த 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' விளையாட்டில் வேற்றுகிரக மிருகங்கள் புத்தியில்லாமல் நேரே ஓடிவந்து சாகும். ஆடியவர்கள் அதைக் காறித் துப்பினார்கள். 2018-இல் உண்மை பரவலாகத் தெரியவந்தது. அமைப்புக் கோப்பு ஒன்றில் 'டெதர்' என்ற சொல்லில் தேவையில்லாத ஓர் ஏ நுழைந்திருக்கிறது. அந்த எழுத்தை நீக்கியதும் அதே மிருகங்கள் பக்கவாட்டில் பதுங்கிச் சுற்றிவளைக்கத் தொடங்கின. மனிதன் படித்திருந்தால் அந்த ஏ-வைக் கவனிக்காமலேயே தாண்டிப் போயிருப்பான். மெஷினுக்கு அது அறிமுகமே இல்லாத பெயர், ஆகவே அந்த வரியை ஒதுக்கிவிட்டது.

ஓ-வை விட்டு நகர்ந்த நம் சொல், இதற்குள் பிறந்த இடத்தைத் தாண்டிவிட்டிருந்தது. ஹேக்கர்களிடமிருந்து ஓ-வோடு கிளம்பியது, கேம்களில் புரண்டுவிட்டுப் பி-யோடு அவர்களிடமே திரும்பியது. 2007-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் 'போன் டு ஓன்' என்று ஒரு போட்டி வைத்தார்கள். வைத்திருக்கும் லேப்டாப்பின் காப்பை உடைத்து உள்ளே நுழைந்தால், அந்த லேப்டாப் உங்களுடையது. பி போட்ட சொல் வெல்வதற்கு, ஓ போட்ட சொல் வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு. தாயும் பிள்ளையும் ஒரே வாசகத்தில் வேறுவேறு பொருளில் நின்றன. அந்தப் போட்டி இன்றும் தொடர்கிறது.

2013 அக்டோபரில் அடோபி நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குகள் கோடிக்கணக்கில் திருடுபோனது தெரியவந்தது. அதைப் பார்த்த ஆஸ்திரேலியர் ட்ராய் ஹன்ட், அந்த டிசம்பரில் ஓர் இலவசச் சேவையைத் தொடங்கினார். உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தத் திருட்டில் சிக்கியிருக்கிறது என்று சொல்லும். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஹேவ் ஐ பீன் போன்ட்', நான் தோற்கடிக்கப்பட்டேனா என்று கேட்கும் கேள்வி. பெயரில் பி அப்படியே இருந்தது. 2018-இல் பிரிட்டன், ஆஸ்திரேலிய அரசுகள் தங்கள் துறைகளின் முகவரிகளைக் கண்காணிக்க அதைப் பயன்படுத்தத் தொடங்கின. 2021-இல் அமெரிக்காவின் எஃப்பிஐ, தன் விசாரணைகளில் கிடைக்கும் களவுபோன கடவுச்சொற்களை அந்தச் சேவைக்குக் கொடுக்க முன்வந்தது.