'சின்ஸ்' யார் செய்த குற்றம்?

1993இல் ஒரு நேர்முகத் தேர்வில் 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்றேன். எதிரே இருந்த மூவரில் ஒருவர் சிரித்தார். 'தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசறீங்க, அதான் கோளாறு' என்றார் இன்னொருவர். வேலை கிடைக்காததுகூடப் பெரிதில்லை. தப்பை என் தலையில் போடாமல் என் தாய்மொழியின் தலையில் போட்ட அந்த வாக்கியம் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

பிறகு புரிந்தது, அந்தத் தீர்ப்பே பிழை. 'ஹேவ் பீன்' போடாததற்கு வேண்டுமானால் தமிழைக் குறை சொல்லலாம். 'சின்ஸ்' விஷயத்தில், நான் தமிழில் யோசித்திருந்தால் தப்பித்திருப்பேன். 'மூணு வருஷமா வேலை பாக்கறேன்', '1990லேர்ந்து வேலை பாக்கறேன்'. கால அளவுக்கு 'ஆக', தொடங்கிய புள்ளிக்கு 'இலிருந்து'. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் பாட்டி ஒருநாளும் இரண்டையும் குழப்பியதில்லை. ஆங்கிலம் 'ஃபார்', 'சின்ஸ்' என்று பிரிப்பதும் இதே இடத்தில்தான். இந்தியின் 'ஸே', பிரெஞ்சின் 'தெப்யுய்', ஜெர்மனின் 'ஸைட்' ஆகியவைதான் இரண்டுக்கும் ஒரே சொல்லாக நிற்பவை. பிரெஞ்சுக்காரரும் இதே தவறைச் செய்கிறார். அவர் வாயில் அது அழகான உச்சரிப்போடு சேர்ந்து ரசிக்கப்படுகிறது.

என் 'சின்ஸ்' வந்தது வகுப்பறையிலிருந்து. 'ஃபார் என்றால் க்காக, சின்ஸ் என்றால் இலிருந்து' என்று உருப்போட்டோம். 'எனக்காக', 'உனக்காக' என்பதோடு 'ஃபார்' முடிந்துபோனது. காலத்தைப் பற்றிப் பேச மிஞ்சியது 'சின்ஸ்' மட்டும்.

அட், ஆன், இன் மூன்றையும் இப்படித்தான் விதியாக இறக்கினார்கள்: மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் வருஷத்துக்கும் 'இன்'. சரிதான். அப்புறம் காலைக்கு 'இன்', இரவுக்கு 'அட்', திங்கட்கிழமை காலை என்றால் 'ஆன்' என்று வரும்போது ஏன் என்று கேட்டால் பிரம்புதான் பதில். ஏனென்றால் காரணம் தர்க்கத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இன்றைய 'இன்', 'ஆன்' இரண்டின் வேலையையும் பெரும்பாலும் 'ஆன்' ஒன்றே பார்த்தது. அதைவிட முக்கியம், அந்த மொழி நம்மைப்போலவே வேற்றுமை உருபுகளால் காலத்தைச் சொன்னது. 'நிஹ்டெஸ்' என்று உருபு ஒட்டிய ஒரே சொல் போதும், 'இரவில்' என்று பொருள். ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர் இன்று 'ஐ வொர்க் நைட்ஸ்' என்கிறாரே, அந்த 'ஸ்' பன்மை போலத் தெரிந்தாலும் வேர் அந்த உருபில்தான். அழுத்தம் விழாத ஈற்றசைகள் தேய்ந்தன. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் உருபுகள் மங்கின. அவற்றின் சுமை சொல்லுக்கு முன்னால் நின்ற சின்னச் சின்னச் சொற்களின்மேல் ஏறியது. அதுவும் போதாமல் ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் 'டில்' வந்தது, பிரெஞ்சு வழியாக 'ட்யூரிங்' வந்தது. 'ட்வைஸ் எ டே'யில் இருக்கும் 'எ'கூடத் தேய்ந்துபோன 'ஆன்'தான். இப்படித் தேய்ந்தும் கடன் வாங்கியும் சேர்ந்த ஒன்றை 'சரியான ஆங்கிலம்' என்று புனிதப்படுத்தி, அதை வைத்து உள்ளே யார், வெளியே யார் என்று பிரிக்கிறார்கள். அமெரிக்கர் வார இறுதிக்கு 'ஆன்' போடுவார், பிரிட்டிஷ்காரர் 'அட்' போடுவார். இருவரில் யாரையும் எந்தத் தேர்வுக்குழுவும் திருப்பி அனுப்பாது.

தமிழ் நிஜமாகவே காலை வாருவது வேறோர் இடத்தில்: 'க்குள்'. 'அஞ்சு மணிக்குள்ள வா', 'அஞ்சு நாளைக்குள்ள வா' இரண்டும் நமக்கு ஒன்று. ஆங்கிலத்தில் முன்னது 'பை', பின்னது 'விதின்'. தேர்வுக்குழு அதைக் கேட்கவில்லை. இன்றும் கடிதத்தில் 'விதின் ஃபைவ் ஓ க்ளாக்' என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்துகிறேன்.