டொமினிக் டிசூசாவின் 64 நாட்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிய வந்தது நம்ம சென்னையில்தான். 1986ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த முயற்சி அது. இந்தக் கதை ஓரளவுக்குப் பலருக்கும் தெரியும். ஆனால் எய்ட்ஸ் என்றால் நமக்கு வரும் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் கோவாவில் நடந்தது. கடற்கரை பார்க்க அங்கே போய்வரும் நம் ஆட்களில் எத்தனை பேர் டொமினிக் டிசூசா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

டொமினிக்குக்கு அப்போது 29 வயது. வனவிலங்குப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் வேலை. அடிக்கடி ரத்ததானம் செய்பவர். அப்படிக் கொடுத்த ரத்தத்தைச் சோதித்ததில்தான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தெரிந்தது அவருக்கு இல்லை, அரசாங்கத்துக்கு! 1989 பிப்ரவரி 14 அன்று மாப்புசா போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் தனியாக அடைத்து, வாசலில் காவல் போட்டார்கள்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. கோவா பொது சுகாதாரச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், எச்.ஐ.வி. உள்ளவரைக் கட்டாயம் தனிமைப்படுத்த வேண்டும் என்றே சொன்னது. தொட்டால் பரவாது, சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்பது அப்போதே மருத்துவ உலகத்துக்குத் தெரியும். சட்டம் எழுதியவர்களிடம் பயம் மட்டும்தான் இருந்தது.

அம்மா லூசி டிசூசா உயர்நீதிமன்றம் போனார். வக்கீல் ஆனந்த் குரோவர் வாதாடினார். நண்பர்களும் ஊர்க்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். 64 நாட்கள் கழித்து டொமினிக் வெளியே வந்தார். ஆனால் இறுதித் தீர்ப்பு, பொதுநலனுக்காகத் தனிமைப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்றே சொல்லிவிட்டது. 'கட்டாயம்' என்பது போய், 'தேவைப்பட்டால்' என்று சட்டம் மாறியது. அவ்வளவுதான்.

வெளியே வந்தவர் பழைய வேலையில் நீடிக்க முடியவில்லை. அவர் ஒளிந்துகொள்ளவும் இல்லை. 1992ல் நண்பர்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் பீப்பிள்' அமைப்பைத் தொடங்கினார். அதே வருடம் மே மாதம் இறந்து போனார். அவர் கதையை ஒட்டித்தான் 2005ல் 'மை பிரதர் நிகில்' இந்திப் படம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். ரத்தம் கொடுத்தால் போலீஸ் வரும் என்றால் யார் சோதனைக்குப் போவார்கள்? பூட்டி வைப்பது நோயைத் தடுக்காது, நோயாளியை மறைந்து வாழத்தான் வைக்கும். இது நம் சட்டத்தில் ஏற 2017 வரை ஆனது. அந்த வருடம் வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, வேலையை விட்டு அனுப்பக் கூடாது, ஒதுக்கி வைக்கக் கூடாது என்கிறது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. டொமினிக் இறந்து 26 வருடம் கழித்து.

மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. 2004லிருந்து அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பரவாது. கல்யாணம், குழந்தை, வேலை, வயோதிகம் எல்லாம் சாத்தியம்.

மாறாதது நம் வாய்தான். ஊரிலும் சரி, இங்கே மும்பையிலும் சரி, ஒருவருக்குச் சர்க்கரை என்றால் "இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்கிறோம். எச்.ஐ.வி. என்றால் "எப்படி வந்துச்சாம்?" என்கிறோம். டொமினிக்கை அடைத்து வைத்த சட்டம் போய்விட்டது. இந்த இரண்டாவது கேள்வி இன்னும் பலரை அவரவர் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது. அதைக் கேட்காமல் இருக்க நமக்கு நீதிமன்ற உத்தரவு எதுவும் தேவையில்லை.