வரைக்கமுகும் நிக்கோபார் கமுகும்

பென்டிங்கியா என்ற பனைப் பேரினத்தில் உலகம் முழுக்கத் தேடினாலும் இரண்டே இனங்கள்தான். 1828 முதல் 1835 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த வில்லியம் பென்டிங்கின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஒன்று, திருவனந்தபுரத்து அகத்தியமலை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் நிற்கும் வரைக்கமுகு. மற்றது நிக்கோபார் தீவுகளில் நிற்கிறது.

அகத்தியமலையும் ஒரு தீவுதான். உயரம் 1868 மீட்டர். மேலே மஞ்சும் குளிரும், கீழே சுற்றிலும் வெயில் காயும் சமவெளி. குளிருக்குப் பழகிய செடிக்கு அந்தச் சமவெளி, கடலைப் போலத் தாண்ட முடியாதது.

வரைக்கமுகு செங்குத்தான பாறைச் சரிவுகளில் வேர்பிடித்து நிற்கும். பாறையை விரும்பி மட்டும் அங்கே போகவில்லை. அதன் குருத்து யானைக்கு அவ்வளவு பிடிக்கும். மனிதரும் வெட்டித் தின்றிருக்கிறார்கள். கமுகுக்கு உச்சியில் ஒரே குருத்து. அது போனால் கிளைத்து எழ வழியில்லை, மரமே செத்துப்போகும். யானையின் தும்பிக்கை எட்டாத விளிம்பில் நின்றவைதான் தப்பின. தோட்டங்களில் இதைக் காண்பது அரிது. மலை சூடேறினால் இன்னும் மேலே ஏற இடமுமில்லை.

நிக்கோபார் கமுகு தாழ்நில மழைக்காட்டு மரம். தண்டில் வளையம் வளையமாக ஓலை உதிர்ந்த தழும்புகள். உச்சியில் வழவழப்பான பச்சை உறை. சமவெளித் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கிறார்கள், வளர்கிறது. ஆபத்து அதன் பிறந்த மண்ணுக்குத்தான்.

அகத்தியமலை 2016-இலும் பெரிய நிக்கோபார் 2013-இலும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் ஏறின. ஆனாலும் பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் என்று ஒரு பெருந்திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதற்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஈடாக மரம் நடப்போவதாகச் சொன்னது ஹரியானாவில்! தீவுக்காட்டுக்கு வறண்ட ஹரியானா எப்படி ஈடாகும்?

வரைக்கமுகைப் பாறை காத்தது. நிக்கோபார் கமுகுக்கு அப்படியொரு பாறை இல்லை. தோட்டத்தில்தான் இருக்கிறதே என்ற சமாதானத்தை நாம் ஏற்கக் கூடாது. அது பிறந்த காட்டிலேயே அதை நிற்க விட வேண்டும்.