அல்சைமர் தாங்குதிறன்: உயிரணு வளர்ப்பு ஆய்வு

மூளையில் அமிலாய்டு படிவுகள் மிகுந்திருந்தும் நினைவாற்றல் நெடுங்காலம் சிதையாதிருக்கும் இயல்பு அல்சைமர் தாங்குதிறன் எனப்படும். அதன் மூலக்கூறு அடிப்படையை வளர்ப்புத் தட்டிலுள்ள மனித உயிரணுக்களில் ஆராய்வது நரம்பு உயிரியலின் ஒரு கிளை.

இத்துறையின் மிகத் தெளிவான சான்று கொலம்பியாவில் கிடைத்தது. ஆன்டியோக்கியா பகுதியின் ஒரு பெருங்குடும்பத்தில், பிரெசெனிலின்-1 மரபணுவில் ஈ280ஏ திரிபுடையோருக்கு நாற்பதுகளிலேயே நினைவுக் குறைபாடு தொடங்குகிறது. 2019இல் விவரிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கோ, அதே திரிபு இருந்தும், எழுபது வயதுக்குப் பிறகே லேசான குறைபாடு தோன்றியது. அவர் மூளையில் அமிலாய்டு மிக அதிகம்; டௌ புரத முடிச்சுகள் குறைவு. அபோஈ3 மரபணுவின் இரு படிகளிலும் அமைந்த கிறைஸ்ட்சர்ச் திரிபே அவரைக் காத்ததாகக் கருதப்படுகிறது. இத்திரிபுள்ள புரதம் அணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஹெபரான் சல்பேட்டுடன் வலுவாகப் பிணைவதில்லை. நரம்பணுக்கள் டௌவை உள்வாங்குவது இதனால் குறைகிறது.

ஷின்யா யமனாகா குழு 2007இல் மனிதத் தோலணுக்களை எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல பன்திறன் குருத்தணுக்களாக மாற்றிக் காட்டியதே இத்தகைய திரிபுகளை வளர்ப்புத் தட்டில் ஆராய வழி திறந்தது. இக்குருத்தணுக்களில் கிரிஸ்பர் எனும் மரபணுத் திருத்த முறையால் டிஎன்ஏவில் ஒரே எழுத்தை மாற்றி, திரிபுள்ளதையும் இல்லாததையும் அருகருகே வளர்த்து ஒப்பிடலாம். நோய் அபாயத்தைக் கூட்டும் அபோஈ4 வடிவமுள்ள நரம்பணுக்களில் கிறைஸ்ட்சர்ச் திரிபைப் புகுத்தியபோது டௌ பாதிப்பு குறைந்ததாக 2023இல் ஆய்வு முடிவு வெளியானது.

வளர்ப்பு ஊடகத்தை அடிக்கடி மாற்றி வாரக்கணக்கில் அணுக்களைப் பேணும் பொறுமை இவ்வேலைக்குத் தேவை. தோலணுவைக் குருத்தணுவாக்கும் மறுநிரலாக்கம் வயதின் தடயங்களை அழித்துவிடுவது, முதுமை நோயை ஆராயும் இம்முறையின் முக்கியக் குறை. தோலணுவை நேரடியாக நரம்பணுவாக்கும்போது அத்தடயங்கள் பெரிதும் எஞ்சுகின்றன.