டிராக்டர் பின்னால் வரும் கொக்கு

தொழி உழவு ஓட்டும்போது டிராக்டர் பின்னாடியே கொக்கு கூட்டமா வரும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு விஸ்வநாததாஸ் ஞாபகம்தான்.

நம்ம சிவகாசியில் 1886-ல் பிறந்த நாடக நடிகர். முடிதிருத்தும் குலம் என்பதால் அவரோடு சோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. வள்ளி தினைப்புனம் காக்கிற நாடகத்தில் வெள்ளைக் கொக்கைப் பாடினார். அது வெள்ளைக்காரன்தான் என்று சனத்துக்குப் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. எத்தனையோ தடவை ஜெயில்.

1940 டிசம்பர் 31. சென்னையில் முருகன் வேசம் கட்டி, மயில் மேல உட்கார்ந்து பாடும்போதே உயிர் போயிருச்சு. வயசு 54.

நீங்க புத்தாண்டுக்குக் காத்திருக்கிற அதே ராத்திரிதான். எங்க பக்கம் கோயில் பொங்கலுக்கு இன்னமும் வள்ளி திருமணம் போடுறாங்க. முருகனா வர்றவர் எந்த ஆளுகன்னு இப்பவும் யாராவது கேட்கத்தான் செய்றாங்க.